எண்ணெய்க்கு அடியில் ரத்தம்

டாக்டர் சிதம்பரநாதன் ஊசியை எடுத்த விதமே சகினாவுக்குப் பிடிக்கவில்லை. எல்லா டாக்டரும் முழங்கை மடிப்பில்தானே குத்துவார்கள்? இந்த மனிதர் அவள் புருஷனின் மணிக்கட்டைப் பிடித்து, துடிக்கிற நாடியைத் தடவித் தேடினார். மெத்தைக்குப் பஞ்சடித்தே நெஞ்சைக் கெடுத்துக்கொண்ட ஹபீபுர் ரஹ்மான், மூக்கில் பிராணவாயு சிலிண்டரின் குழாயோடு மலங்க மலங்க விழித்தார்.

"வேணாம் டாக்டர் சாப், ஒடம்புல இருக்கறதே கொஞ்சூண்டு ரத்தம்," என்று சகினா அழுதாள்.

"இந்த நாடியில ஓடற ரத்தத்தைப் பார்த்தாத்தாம்மா, இழுக்கற மூச்சு உள்ளே சேருதான்னு தெரியும்," என்று சொல்லி அவர் குத்தியே விட்டார். பாய்க்குக் கத்தக்கூட மூச்சில்லை. கண்ணோரம் தண்ணீர்தான் வழிந்தது.

அதோடு விட்டாரா? ரத்தத்தை ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயில் இறக்கி, மேலே எண்ணெய் நிற்க விட்டு, தக்கையால் அடைத்து, ஐஸ் போட்ட டப்பாவில் செருகினார். அதற்குள் பெண்கள் வார்டிலிருந்து ஆள் ஓடிவரவே, டப்பாவைக் கட்டிலருகே வைத்துவிட்டு ஓடினார்.

இதைப் பார்த்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? வருஷா வருஷம் ஜாடி ஜாடியாக மாங்காய் ஊறுகாய் போடுகிறவள் சகினா. மேலே எண்ணெய் நின்றால் சரக்கு கெடாது. ஐஸில் வைத்த மீன் எத்தனை ஊர் போனாலும் நாறாது. இரண்டையும் சேர்த்துச் செய்தால் என்ன அர்த்தம்? தூர தேசத்துக்கு அனுப்பப் போகிறார்கள் என்று அர்த்தம்!

ஆயா தேவானையாவது சும்மா இருந்தாளா? "பர்மா சண்டைக்கு ரத்தம் சேத்துக்கினு கீறாங்கோ, தெரியாதா உனுக்கு? மவுண்ட் ரோட்டுல நோட்டீஸே ஒட்டிக்கீது," என்று காதைக் கடித்துவிட்டுப் போனாள்.

மூச்சுக்குத் தவிக்கிறவனிடமா திருடுவார்கள், படுபாவிகள்! சகினா தக்கையைப் பிடுங்கினாள். எண்ணெயை ஜன்னலுக்கு வெளியே வடித்தாள். காற்றுப் பட்டுக் கெடட்டும் என்று குழாயைக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினாள். கறுத்துக் கிடந்த ரத்தம் செக்கச்செவேலென்று ஆயிற்று. கெட்டுப்போனால் இப்படித்தான் நிறம் மாறும் போல என்று அவளுக்கு ஒரே திருப்தி. மிச்சமிருந்த சொட்டு எண்ணெய் மேலே வந்து நின்றது. மூடி, ஐஸிலேயே செருகிவிட்டாள்.

டாக்டர் திரும்பி வந்து டப்பாவோடு பக்கத்து அறைக்குப் போனார். சகினாவும் பின்னாலேயே போய்க் கதவிடுக்கில் எட்டிப் பார்த்தாள். பாதரசமும் கண்ணாடிக் குழாய்களுமாக அங்கே ஒரு யந்திரம் நின்றது. பர்மாவாவது மண்ணாவது! ரத்தம் அந்த யந்திரத்துக்குள்தான் போயிற்று. அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

வெளியே வந்தவர் முகம் மலர்ந்திருந்தது. "பாய் ரத்தத்துல பிராணவாயு நிறையவே இருக்கு. தேவானை, சிலிண்டரைப் பெண்கள் வார்டுக்குத் தள்ளு. அங்கே ஒரு பொண்ணு திணறுது. நம்மகிட்ட இருக்கறது இது ஒண்ணுதான்."

காலையில் மூக்குக் குழாய் நழுவியபோது பாயின் உதடு நீலம் பாரித்ததைப் பார்த்தவள் சகினா. சிலிண்டர் போனால் இவரும் போய்விடுவார்.

"எடுக்காதீங்க! நான்தான் எண்ணெயக் கொட்டிட்டுக் குலுக்கினேன். கறுப்பா இருந்துச்சு, குலுக்கினதும் காத்து கலந்து செவந்துடுச்சு!"

டாக்டர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். சிலிண்டரை விடாமலிருக்க எத்தனை பேர் எத்தனை பொய் சொல்லியிருக்கிறார்கள் அவரிடம்! "குழாய் மூடித்தான் இருந்தது, எண்ணெயும் இருந்தது. கதை விடாதீங்கம்மா."

"அல்லா மேல சத்தியம் சாப்!"

அவர் தேவானைக்குக் கை காட்டினார். தேவானை சிலிண்டரில் கை வைத்தாள். சகினா பாய்ந்து புருஷனின் இன்னொரு கையைப் பிடித்து, மணிக்கட்டைத் திருப்பி நீட்டினாள்.

"இந்தாங்க, இன்னொரு வாட்டி குத்துங்க. நானே புடிச்சுக்கறேன்."

ஒரு குத்துக்கே அப்படி அழுதவள்! டாக்டர் மறுபடி ஊசியை எடுத்தார்.

பாய் அவளைப் பார்த்தார். டாக்டரைக்கூட அவர் அப்படிப் பார்க்கவில்லை. சகினா கையை விடவில்லை. ஊசி இறங்கியது. நாவற்பழச் சாறு மாதிரி கறுப்பாக ஏறியது ரத்தம்.

"தேவானை, சிலிண்டர் இங்கேயே இருக்கட்டும்," என்றார் டாக்டர். "அந்தப் பொண்ணைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக உடனே வண்டி சொல்லு." பிறகு சகினாவிடம் பஞ்சைக் கொடுத்து, "குத்தின எடத்தை விடாம அழுத்திப் பிடிங்கம்மா, இல்லேன்னா ரத்தம் நிக்காது," என்றார்.

பாய் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு கையை உருவப் பார்த்தார். சகினா அழுதுகொண்டே அழுத்திப் பிடித்திருந்தாள்.