வாங்கின பெட்டி

"பெட்டி வாங்கிட்டேன்" என்றுதான் டிரைவர் சொன்னார். பத்தொன்பது வருடத்துக்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னார். தமிழில் இந்த 'வாங்கு' இருக்கிறதே, அது ஒரு பொல்லாத சொல். கடையில் காசு கொடுத்தும் வாங்கலாம், கடனாகவும் வாங்கலாம், பக்கத்து வீட்டில் இரவல் வாங்கலாம், வாத்தியாரிடம் அடி வாங்கலாம், நாலு பேரிடம் நல்ல பேர் வாங்கலாம், ஒன்றுமே இல்லாவிட்டால் மாடிப்படி ஏறி மூச்சாவது வாங்கலாம். டிரைவர் எதை மனதில் வைத்துச் சொன்னாரோ, அவர் மனைவி நர்ஸம்மா அதைக் காசு கொடுத்து வாங்கினதாகவே எடுத்துக்கொண்டாள்.

அவளைக் குறை சொல்லவும் முடியாது. குடியிருந்த வீடு வாடகை. குளிர்சாதனப் பெட்டி தவணையில் வந்தது. கட்டிலும் டிவியும், அண்ணன் வீட்டில் பெரிசு வந்ததால் இங்கே தள்ளிவிடப்பட்டவை. அப்படிப்பட்ட வீட்டில் முழுசாக, சொந்தமாக வந்து இறங்கிய முதல் பொருள் டிவியில் சேனல் வருவதற்காக மாட்டுகிற அந்தக் கறுப்பு செட்டாப் பெட்டிதான் என்று அவள் பூரித்துப் போனாள். எதிர்வீட்டு டீச்சர் வீட்டிலும் அதே கம்பெனி பெட்டிதான், ஆனால் மாத வாடகை. டீச்சரைப் பார்க்கும்போதெல்லாம் பேச்சை எங்கே சுற்றினாலும் கடைசியில் "எங்களது சொந்தம்" என்பதில் கொண்டுவந்து நிறுத்தாமல் விடமாட்டாள். டீச்சரும் பாவம், பத்தொன்பது வருடமாகத் தலையாட்டினாள்.

பெட்டி வந்த கதையைச் சொல்ல வேண்டும். அப்போது புருஷனும் பெண்டாட்டியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதே அபூர்வம். அவருக்கு டவுன் பஸ்ஸில் முதல் வண்டி. காலை நாலரைக்கெல்லாம் டிப்போவில் கையெழுத்துப் போட்டாக வேண்டும். அவளுக்கு ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டி. வார்டை அடுத்தவளிடம் ஒப்படைத்துவிட்டு வீடு வந்து சேர ஆறு பத்தாகிவிடும். மகளோ இடி விழுந்தாலும் எழுந்திருக்காத வயசு. ஒருநாள் நர்ஸம்மா அலுத்துப்போய், கதவைத் திறந்தால் வீடு பிணவறை மாதிரி இருக்கிறது, இதற்கு நான் வார்டிலேயே இருந்துவிடலாம், அங்கேயாவது யாராவது முனகிக்கொண்டிருப்பார்கள் என்று சொல்லிவிட்டாள். டிரைவர் பதில் பேசவில்லை. அவர் எதற்குத்தான் பதில் பேசினார்? அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெட்டியோடு வந்து நின்றார்.

அதில் நேரம் வைக்கிற வசதி இருந்தது. காலை ஆறு ஐந்துக்குத் தானாக உயிர் பெற்று, செய்திச் சேனலைப் பிடித்து, அளவான சத்தத்தில் பேச ஆரம்பிக்கும்படி அவர் வைத்துவிட்டார். மகள் கை வைத்துக் கெடுத்துவிடக் கூடாது என்று நாலு எண் போட்டுப் பூட்டியும் வைத்தார். அன்றிலிருந்து நர்ஸம்மா கதவைத் திறக்கும்போது உள்ளே ஒரு பெண் வானிலை வாசித்துக்கொண்டிருந்தாள். கடலோரத்தில் லேசான மழைக்கு வாய்ப்பு, உள்பகுதியில் வறண்ட வானிலை. அவளுக்குக் கடலைப் பற்றியும் கவலையில்லை, உள்பகுதியைப் பற்றியும் கவலையில்லை. வீட்டில் ஒரு குரல் இருந்தது, அவ்வளவுதான் வேண்டியிருந்தது. "நல்லா அழகா ஒருத்தியாப் பாத்துத்தான் பிடிச்சு வச்சிருக்கீங்க" என்று ஒருமுறை சீண்டினாள். அதற்கும் மனிதர் சிரித்ததோடு சரி.

வானிலை வாசிக்கிறவர்கள் மாறினார்கள். மகள் படித்து, வேலைக்குப் போய், இரண்டு தெரு தள்ளித் தனிக்குடித்தனம் போனாள். டிரைவர் போய்ச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது. நர்ஸம்மா ஓய்வு பெற்று ஒரு வருடம். பெட்டி மட்டும் காலை ஆறு ஐந்துக்குப் பேசுவதை நிறுத்தவில்லை. அந்த நாலு எண் என்னவென்று அவர் யாரிடமும் சொல்லிவிட்டுப் போகவில்லை. அவளும் கண்டுபிடிக்க மெனக்கெடவில்லை. அவர் கையால் வைத்துவிட்டுப் போனதில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிற ஒரே காரியம் அதுதான் என்று அவளுக்குத் தெரியும்.

அப்படியிருக்க, ஒரு திங்கட்கிழமை கம்பெனி ஆள் வந்து பெல் அடித்தார். நாற்பத்தைந்து வயசிருக்கும், நெடுநெடுவென்ற உயரம், தோளில் ஒரு பை. தெருவில் எல்லோரும் அவரை ஏணி என்றுதான் சொல்வார்கள், அவரும் போனில் "ஏணி பேசறேன்" என்றே சொல்லிக்கொள்வார். பழைய மாடல் வாடகைப் பெட்டிகளையெல்லாம் கம்பெனி திரும்ப எடுத்துக்கொள்கிறதாம், பதிலுக்குப் புதுசு தருகிறதாம், சொந்தப் பெட்டி வைத்திருப்பவர்கள் மட்டும் அது ஓடுகிற வரைக்கும் ஓட்டிக்கொள்ளலாமாம். விஷயத்தை மரியாதையாகச் சொல்லி, பையிலிருந்து புதுப் பெட்டியை வெளியே எடுத்தார்.

"தம்பி, நீங்க வீடு மாறி வந்துட்டீங்க. இது வாங்கினது. எதிர்வீடுதான் வாடகை" என்றாள் நர்ஸம்மா.

ஏணி கையிலிருந்த போனைப் பார்த்தார், கதவிலக்கத்தைப் பார்த்தார், தலையைச் சொறிந்தார். லிஸ்டில் வாடகை என்றுதான் இருக்கிறது, ஆனால் கம்பெனி லிஸ்டும் வேதவாக்கு இல்லை, வாங்கின ரசீதைக் காட்டினால் பேரை அடித்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்பேன், வியாழக்கிழமை வருகிறேன் என்றார். போகிற போக்கில் ஒன்றைச் சொன்னார். திரும்பப் போகிற பெட்டிகளில் வைத்திருக்கிற நேரம், சேனல் எல்லாவற்றையும் கம்பெனிக் கிடங்கில் முதல் வேலையாகத் துடைத்து அழித்துவிடுவார்களாம்.

அன்று சாயங்காலம் மகள் வந்தாள். விஷயத்தைக் கேட்டுவிட்டு, இதற்கா இவ்வளவு, புதுப் பெட்டியிலும் அதே ஆறு ஐந்துக்கு நானே நேரம் வைத்துத் தருகிறேன், இரண்டு நிமிட வேலை என்றாள். நல்ல பெண்தான், ஆனால் சில சமயம் வாயைத் திறக்காமல் இருந்தால் இன்னும் நல்ல பெண்.

"நீ வைக்கிறதும் அவர் வச்சதும் ஒண்ணாடி?" என்று கேட்டாள் அம்மா. மகள் வாயை மூடிக்கொண்டு பீரோவைத் திறந்தாள்.

ரசீதைத் தேடுவது அந்த வீட்டில் லேசான காரியம் இல்லை. டிரைவர் ஒரு துண்டுக் காகிதத்தையும் தூரப் போட்டவர் இல்லை. கோணிப்பை நிறைய டிக்கெட் அடிக்கட்டைகள், மகளின் நாலாம் வகுப்பு விடுப்பு விண்ணப்பம், எப்போதோ உடைந்துபோன கூலிங் கிளாஸின் உத்தரவாதச் சீட்டு. ஆஸ்பத்திரி ஆண்டு விழாவில் நர்ஸம்மா நடுங்கிக்கொண்டே பரிசு வாங்குகிற போட்டோவின் பின்பக்கம், அவர் கையெழுத்தில் 'நல்ல பேர்' என்று மட்டும் எழுதியிருந்தது. தாயும் மகளும் தேட வந்ததை மறந்து உட்கார்ந்துவிட்டார்கள். இவ்வளவு பேசக் கூடிய மனிதரா காகிதத்தில் மட்டும் பேசிக்கொண்டிருந்தார் என்று நர்ஸம்மா அந்தப் போட்டோவைத் தனியாக எடுத்து வைத்தாள்.

புதன்கிழமை மத்தியானம், மகள் வேலைக்குப் போன பிறகு, அடித்தட்டில் ஒரு பச்சை உறையில் அது கிடைத்தது. ரசீது இல்லை, ஒப்பந்தம். சொந்தம் என்று ஒரு கட்டம், வாடகை என்று ஒரு கட்டம். வாடகைக் கட்டத்தில் டிரைவர் டிக் அடித்திருந்தார். பேனா பேப்பரைக் கிழித்துவிடுமோ என்கிற அளவுக்கு அழுத்தி அடித்திருந்தார். வாடகையைச் சேனல் கட்டணத்தோடு சேர்த்து வங்கிக் கணக்கிலிருந்து மாதாமாதம் பிடித்துக்கொள்ளலாம் என்றும் எழுதிக் கொடுத்திருந்தார்.

நர்ஸம்மாவுக்குத் தலைக்கு மேல் கோபம் வந்தது. பத்தொன்பது வருடம்! எதிர்வீட்டு டீச்சர் முகத்தில் இனி எப்படி விழிப்பாள்? அந்த அம்மாவுக்கு எல்லாம் தெரிந்திருக்கும், தெரிந்துகொண்டேதான் தலையாட்டியிருப்பாள். வீட்டில் ஆள் இல்லாததால் உரக்கவே திட்டினாள். ஒரு பொருள், ஒரே ஒரு பொருள் சொந்தமாக வாங்க வக்கில்லை, அதை வாய்விட்டுச் சொல்லவும் துப்பில்லை, வாங்கிட்டேன் என்று ஒரு வார்த்தையில் ஏமாற்றினீர்களே என்று காலிச் சமையலறையைப் பார்த்துக் கத்தினாள். கத்தி முடித்ததும் அழுதாள். ஏமாந்ததற்காக மட்டும் இல்லை. வியாழக்கிழமைக்கு அப்புறம் காலை ஆறு ஐந்துக்கு அவர் வைத்த நேரம் இருக்காது.

வியாழக்கிழமை ஏணி வந்தபோது மகளும் லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். நர்ஸம்மா அவரை ஒரு வார்த்தை கேட்க விடவில்லை. ஒப்பந்தத்தை எடுத்து நீட்டினாள். "வாடகைதான் தம்பி. எடுத்துக்கிட்டுப் போங்க."

ஏணி காகிதத்தைப் படித்தார். பெட்டியைத் திருப்பி அடியில் இருந்த எண்ணைப் பார்த்தார். மறுபடி காகிதத்தைப் பார்த்தார்.

"இது அந்தப் பெட்டி இல்லியேம்மா" என்றார்.

நர்ஸம்மாவுக்குப் புரியவில்லை. ஏணி போனில் வாடிக்கையாளர் எண்ணைப் போட்டு எதையோ தோண்டினார். பிறகு தரையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். இந்த வீட்டுக்குப் பெட்டி நாலு தடவை மாறியிருக்கிறது என்றார். எல்லாம் ஒரே மாடல், ஒரே கறுப்பு, வித்தியாசம் தெரியாது. கெட்டுப்போன அன்றைக்கே ஆபீசுக்குத் தூக்கிக்கொண்டு வந்து சார் மாற்றிக்கொண்டு போயிருக்கிறார். ஒவ்வொரு முறையும் குறிப்பில் ஒரே வாசகம்: 'இன்றே தேவை. காலை 6.05-க்கு ஓட வேண்டும்.'

மகள் அம்மாவைப் பார்த்தாள். பெட்டியின் தலையில் அவள் ஒட்டியிருந்த வண்ணத்துப்பூச்சி ஒருநாள் காணாமல் போனது, பிய்த்தவள் நீதான் என்று அம்மாவிடம் முதுகில் ஒன்று வாங்கியது, எல்லாம் அவளுக்கு இப்போது நினைவு வந்தது.

ஏணி மேலும் படித்தார். அஞ்சு வருடம் முடிந்த வாடகைக்காரர்களுக்கு, ஒரு கையெழுத்துப் போட்டால் பெட்டி சொந்தம் என்று கம்பெனி ஒரு சமயம் சொல்லியிருக்கிறது. கூடுதலாக ஒன்றும் கட்ட வேண்டாம். தெருவில் பலரும் ஓடிவந்து கையெழுத்துப் போட்டார்கள். 'விருப்பம் இல்லை' என்று எழுதிக் கொடுத்தது இந்த வீடு மட்டும்தான்.

"ஏன் வேணாம்னாரு?" என்றாள் நர்ஸம்மா.

"சொந்தப் பெட்டின்னா ரிப்பேருக்குக் குடுத்துட்டுப் பத்து நாள், பதினஞ்சு நாள் காத்திருக்கணும்மா. வாடகைன்னா கம்பெனி பொருள், அன்னைக்கே வேற குடுத்தாகணும். விவரம் தெரிஞ்சவங்க வாடகைதான் கேப்பாங்க. சாருக்கு ஒரு நாள்கூட அது நிக்கக் கூடாதுன்னு இருந்திருக்கு போல."

நர்ஸம்மா சேரில் உட்கார்ந்தாள். நேற்றுத் திட்டிய திட்டெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தது. கடைசியாக எப்போது மாற்றினார் என்று கேட்டாள். ஏணி தேதியைப் படித்தார். ஆறு வருடத்துக்கு முந்தைய தேதி. பெட்டியைக் கையில் வாங்கிய நேரம் சாயங்காலம் ஏழு நாற்பது.

அந்தத் தேதியை அவளுக்கு யாரும் நினைவுபடுத்த வேண்டியதில்லை. அதற்கு இரண்டு நாள் முன்னால்தான் அவள் தம்பி மகளுடைய கல்யாணம். லீவு எடுத்துவிட்டேன், சேர்ந்தே போகலாம் என்று சொல்லியிருந்த மனிதர், கடைசி நேரத்தில் யாரோ வரவில்லை என்று வண்டி ஓட்டப் போய்விட்டார். பிறந்த வீட்டு ஜனம் அத்தனை பேரும் "எங்கே அவர், எங்கே அவர்" என்று கேட்க, தனியாக நின்று தலைகுனிந்து வந்தாள். அன்றிலிருந்து அவரோடு பேச்சில்லை. சமைத்து, மேஜையில் மூடி வைத்துவிட்டு, ஏழரைக்கு டியூட்டிக்குக் கிளம்பிவிடுவாள். ஏணி சொன்ன தேதிக்கு மறுநாள் காலையில் வந்து கதவைத் திறந்தபோது டிவியில் வானிலை ஓடிக்கொண்டிருந்தது. மேஜையில் சாப்பாடு மூடியது மூடியபடி இருந்தது, ஒரு பருக்கை குறையவில்லை. தப்பும் செய்துவிட்டு ரோஷம் வேறா என்று அவ்வளவையும் குப்பையில் கொட்டினாள். இன்னும் ஒன்பது நாள் முகம் கொடுக்கவில்லை. அதோடும் விட்டாளா? அதன்பின் எந்தச் சண்டை வந்தாலும், நான் ஆக்கி வச்ச சோத்தை அப்படியே விட்டவர்தானே நீங்க என்று குத்திக் காட்டாமல் முடித்ததில்லை. அவர் சாகிற வரைக்கும் காட்டினாள். அவர் ஒருமுறைகூட வாயைத் திறக்கவில்லை.

ஏழு நாற்பதுக்கு அங்கே வாங்கியிருந்தால், இரண்டு பஸ் மாறி வீட்டுக்கு வர ஒன்பதாகியிருக்கும். ஒயரை மாட்டி, சேனல் பிடித்து, நேரம் வைத்து, பூட்டுப் போட்டு முடிக்கும்போது மூன்றரைக்கு எழுந்திருக்க வேண்டிய மனிதர் எத்தனை மணிக்குப் படுத்தாரோ.

"அன்னைக்கு அவர் கோவத்துல சாப்பிடாம இருக்கலடி" என்றாள் மகளைப் பார்த்து.

மகளுக்கு எந்த அன்றைக்கு என்று விளங்கவில்லை. அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள். ஏணி புதுப் பெட்டிக்கான படிவத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அவசரப்படுத்தாமல் காத்திருந்தார்.

"ரோஷத்துல விட்டுட்டாருன்னு நானா முடிவு பண்ணிட்டேன்" என்றாள் நர்ஸம்மா. "அடுத்த நாளாவது, சாப்பிட்டீங்களான்னு நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."