வெள்ளை மூடி

ஐந்தரைக்கு எழுந்தேன். குழாயில் தண்ணீர் வரும் நேரம் அது. இரண்டு குடம் பிடித்தேன். பால் பாக்கெட்டை வெட்டி அடுப்பில் வைத்தேன். டீ குடித்தேன். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தேன். முகம் மழித்தேன். சட்டைக்கு இஸ்திரி போட்டேன். எதிர்க்கடையில் நான்கு இட்லி வாங்கி மூன்று சாப்பிட்டேன். எட்டே முக்காலுக்கு வீட்டைப் பூட்டினேன். ஒன்பதுக்குக் கடையின் ஷட்டரைத் தூக்கினேன்.

2003 ஏப்ரலில் என் மனைவி ரெபேக்காள் இறந்தாள். மூளையில் நரம்பு வெடித்தது. இருபத்தொன்பது வயது. அதற்குப் பிறகு எல்லா நாளும் இப்படித்தான் தொடங்கியது. நான் சொல்வது ஆகஸ்டில் ஒரு புதன்கிழமை.

கடை அவளுடையது. செங்கல்பட்டு வேதாசலம் நகரில் பெண்களுக்கான பியூட்டி பார்லர். ஒரு நாற்காலி, ஒரு கண்ணாடி, தலை அலச ஒரு தொட்டி, குறுக்கே ஒரு பச்சைத் திரை. திரைக்கு அந்தப் பக்கம் ஆண்கள் போகக் கூடாது. புருஷனும் ஆம்பளதான் என்பாள். ஆறு வருடம் அவளைக் காலையில் கொண்டுவந்து விட்டுவிட்டு, திரை வரைக்கும் போய்த் திரும்பினேன். அவள் வேலை செய்து நான் பார்த்ததில்லை.

நான் பி.எஸ்சி. வேதியியல். மறைமலை நகரில் ஒரு பெயிண்ட் கம்பெனியின் பரிசோதனைக் கூடத்தில் இரண்டாவது ஷிஃப்ட். மதியம் இரண்டு மணிக்குப் போனால் போதும். காலை நேரத்தை என்ன செய்வது என்று தெரியவில்லை. ஓர் ஆண் லேடீஸ் பார்லர் நடத்த முடியாது. ஆனால் அலமாரி நிறையச் சரக்கு இருந்தது. லிட்டர் ஷாம்பூ, ஹேர் கலர் ட்யூப், அதில் கலக்கும் டெவலப்பர், மெழுகு டின், ஃபேஷியல் கிரீம். எல்லாவற்றிலும் பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் ஒரு வரி இருந்தது. பார்லர் தொழில் செய்கிறவர்கள் மட்டுமே பயன்படுத்த வேண்டுமாம். நான் திரையைக் கழற்றினேன். மேசையைக் குறுக்கே போட்டேன். வருகிறவர்களுக்கெல்லாம் விற்க ஆரம்பித்தேன்.

முதல் வாரமே அலமாரியை ஒழுங்குபடுத்தினேன். டெவலப்பர் பாட்டில்கள் ஆறு. ஆறிலும் சிவப்பு லேபிள். சீல் பிரிக்காத நான்கில் சிவப்பு மூடி, சீல் பிரித்த இரண்டில் வெள்ளை மூடி. அந்த இரண்டின் சிவப்பு மூடிகள் இழுப்பறையில் கிடந்தன. எங்கள் பரிசோதனைக் கூடத்தில் மூடி மாறினால் மெமோ கொடுப்பார்கள். சிவப்பு மூடிகளைத் திருகிப் போட்டேன். வெள்ளை மூடிகளைக் குப்பையில் எறிந்தேன். ரெபேக்காளுக்கு அஜாக்கிரதை அதிகம் என்று நினைத்துக்கொண்டேன்.

பார்லர் சரக்கில் எப்படிப் பயன்படுத்துவது என்று விவரமாக எழுதியிருக்காது. வாங்குகிறவருக்குத் தெரியும் என்று கம்பெனி விட்டுவிடுகிறது. தெரிந்தவள் போய்விட்டாள். எனக்குத் தெரியாது. வந்த பெண்களுக்குத்தான் தெரிந்திருந்தது. அவர்களும் நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு தெரிந்துகொண்டவர்கள். வரலட்சுமி டீச்சர் ஒவ்வொரு மூடியாகத் திறந்து முகர்ந்து பார்த்துத் தன் ஷாம்பூவைக் கண்டுபிடித்தார். ஷபானா மெழுகு டின்னைக் கையில் வாங்கிக்கொண்டு சொன்னாள்.

“அக்கா ஊதி ஊதி மொதல்ல தன் கைமேல வெச்சிப் பாக்கும். அப்பாலதான் எனக்கு வெக்கும். அந்தக் கையில முடியே இல்லாம பூட்ச்சு, தெரியுமா உங்களுக்கு?”

தெரிந்திருந்தது. காரணம் தெரிந்திருக்கவில்லை.

“உங்களப் பத்திகூடச் சொல்லும்ணா. என் வூட்டுக்காரருகிட்ட மூணு வார்த்தைக்கு மேல வாங்கணும்னா வக்கீல் வெக்கணும்னு.”

ஒவ்வொருத்தர் போகும்போதும் நன்றி சொன்னேன். வியாபாரத்துக்குச் சொல்கிறேன் என்று நினைத்திருப்பார்கள்.

அந்தப் புதன்கிழமை ஒன்பதரைக்கு ஓர் அம்மாள் வந்தார். ஐம்பது வயது இருக்கும். காட்டன் புடவை, கையில் குடை. பெயர் வசுமதி என்றார். கணவர் பக்தவத்சலம் கல்பாக்கத்தில் அணு ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்க்கிறார், டவுன்ஷிப்பில் குடியிருப்பு. வெள்ளிக்கிழமை மகளுக்கு நிச்சயதார்த்தம். தலை நரைத்திருந்தது.

“ரெபேக்கா எனக்குப் போடற கலர் இருக்கா தம்பி? வேற பார்லருக்குப் போக மனசு வரல. நானே வீட்ல போட்டுக்கறேன்.”

ட்யூபைப் பார்த்ததும் இதுதான் என்றார். டெவலப்பரை எடுத்து வைத்தேன். மூடியைப் பார்த்தார்.

“அவ வெள்ளை மூடி பாட்டில்லேர்ந்துதான் ஊத்துவா.”

“அது மூடி மாறிக் கெடந்தது மேடம். மருந்து ஒண்ணுதான்.”

“அப்படியா.”

“இது சீல்கூடப் பிரிக்காதது.”

மூடியைத் திறந்து உள்ளே இருந்த வெள்ளித் தாளைக் காட்டினேன். திருப்தியாகத் தலையாட்டினார். வாங்கிக்கொண்ட பிறகும் போகவில்லை. நாற்காலி இருந்த இடத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஏதோ சொல்ல வந்தவர்போல இருந்தது.

“வேற ஏதாவது வேணுமா மேடம்?”

“இல்ல தம்பி. போனதும் போட்டுடுவேன். வரேன்.”

நன்றி சொன்னேன்.

பதினொன்றுக்குப் பக்கத்துத் தையல் கடை பிரபாவதி அக்கா டீயோடு வந்தார். கூட்டமான நாட்களில் ரெபேக்காளுக்குத் தலை அலசிக் கொடுத்து உதவியவர். அலமாரியைப் பார்த்தபடி குடித்தார்.

“இன்னா தம்பி, வெள்ள மூடி பாட்டிலு ரெண்டு இருந்துச்சே. வித்துட்டியா?”

“இருக்குக்கா. மூடிய மாத்திட்டேன். செவப்பு மூடி ட்ராயர்ல கெடந்தது.”

“யாரு உன்ன மாத்தச் சொன்னது?”

அக்கா அலமாரிப் பக்கம் கையை நீட்டினார்.

“வெள்ள மூடின்னா தண்ணி ஊத்தனது. செவப்பு மூடி சுத்த மருந்து. அத அப்டியே தலையில வெச்சா தோலு வெந்துபூடும். அதுக்குத்தான் அவ அடையாளம் வெச்சிகினு இருந்தா. தொட்டிக்குக் கீழ பேட்டரித் தண்ணி கேன் கீது பாரு. அதுலதான் கலப்பா.”

கேனை நான் பார்த்திருந்தேன். எதற்கு என்று யோசிக்கவில்லை. இப்போது ஒன்று ஞாபகம் வந்தது. எப்போதோ ஒரு காலையில் அவள் கேட்டாள். ஒரு பங்கு மருந்துக்கு மூணு பங்கு தண்ணி ஊத்தினா வீரியம் கால் பங்கா கொறையுமா? நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். குறையும் என்றேன். டிகிரி படிச்சவரு சொன்னா சரிதான் என்றாள். எந்த மருந்து, யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

“காலைல ஒரு மேடத்துக்குக் குடுத்துட்டேன்க்கா.”

“எதுலேர்ந்து?”

“சீல் பிரிக்காதது.”

அக்கா டம்ளரைக் கீழே வைத்தார்.

“போன் நம்பரு?”

“இல்ல. கல்பாக்கம் டவுன்ஷிப். வசுமதின்னு பேரு.”

ஆறு வருடத்தில் ரெபேக்காளின் கைபட்டு ஒருத்தருக்கும் ஒரு கொப்புளம் வந்ததில்லை. அவள் கடையிலிருந்து முதல் கொப்புளம் என் கையால் போயிருக்கிறது. வசுமதி வீடு போய்ச் சேர்ந்திருப்பார். கிண்ணத்தை எடுத்திருப்பார்.

அக்கா வாசலுக்குப் போய் ஸ்டாண்டைப் பார்த்துக் குரல் கொடுத்தார். மோசஸ் ஆட்டோவைத் திருப்பினான். அதற்குள் அக்கா சீல் பிரித்திருந்த பாட்டில் ஒன்றை எடுத்து, கழுத்தில் வெள்ளைத் துணி நாடா சுற்றி என் கையில் திணித்தார்.

“இதான் சரியான மருந்து. சும்மா போயி கைய வீசிகினு நிக்காத. போ.”

மோசஸ் எங்கள் சபைக்காரன். விஷயத்தைக் கேட்டதும் வண்டியை விரட்டினான். வழியில் அவன்தான் பேசினான்.

“அந்தம்மா சாப்ட்டுட்டுதான் போடும் அண்ணாத்த. கவலப்படாத.”

“போனதும் போடறேன்னாங்க.”

“போனதும்னு சொன்னா பொம்பளைங்களுக்கு ரெண்டு மணி நேரம். எங்க வூட்ல தோ கெளம்பிட்டேன்னா, அதுக்குள்ள நான் ஒரு சவாரி முடிச்சிட்டு வந்துடுவேன்.”

திருக்கழுக்குன்றத்தில் ஒரு லாரி வழியை மறித்துப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தது. மோசஸ் இறங்கிப் போய்ச் சத்தம் போட்டான். நான் பாட்டிலை மடியில் வைத்துப் பிடித்திருந்தேன். ஏப்ரலுக்குப் பிறகு அன்றுதான் என் கை வியர்த்தது.

டவுன்ஷிப் வாசலில் காவலர் நிறுத்தினார்.

“யாரப் பாக்கணும்?”

“பக்தவத்சலம் சார் வீடு. அவசரம். அவங்க மிஸஸ் தலைக்குக் கலர் போடக் கூடாது.”

“இன்னாது?”

“தலைக்குக் கலர். போட வேணாம்னு போன்ல சொல்லுங்க.”

அவர் மோசஸைப் பார்த்தார். “இதச் சொல்றதுக்கா செங்கல்பட்டுலேர்ந்து ஆட்டோல வந்தீங்க?”

“சொல்லு நைனா, தலை போற விஷயம்” என்றான் மோசஸ்.

காவலர் எண்ணைத் தேடிச் சுழற்றினார். லைன் கிடைக்கவில்லை. மறுபடியும் சுழற்றினார். யாரோ பேசிக்கொண்டே இருந்தார்கள். நோட்டில் என்னைக் கையெழுத்துப் போடச் சொல்லி, வழி சொல்லி உள்ளே விட்டார்.

தரைத்தள வீடு. காதில் போனோடு ஒரு பெண் கதவைத் திறந்தாள். நிச்சயதார்த்தம் நடக்கப்போகிற மகள், ஹரிப்ரியா. நான் பேசுவதற்குள் பின்கட்டில் வசுமதி தெரிந்தார். தோளில் பழைய துண்டு. ஸ்டூலில் கிண்ணம். கையில் பிரஷ். முன் வகிட்டில் இரண்டு கறுப்புக் கோடுகள்.

“அலசுங்க மேடம். உடனே அலசுங்க.”

அவர் ஏன் என்று கேட்கவில்லை. பிரஷைப் போட்டுவிட்டுக் குழாய்க்குப் போனார். தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. ஹரிப்ரியா போனை வைத்தாள்.

“யார் நீங்க? அம்மாவுக்கு என்ன?”

சொன்னேன். சிவப்பு மூடி, வெள்ளை மூடி, நான் செய்தது, எல்லாவற்றையும். இதற்கு முன் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியதாக ஞாபகம் இல்லை.

பத்து நிமிடம் கழித்து வசுமதி ஈரத் தலையோடு வந்தார். வகிட்டில் ஒரு விரல் அகலத்துக்குச் சிவந்திருந்தது. கொப்புளம் இல்லை.

“எரிஞ்சுது தம்பி. அவ போட்டப்ப ஒருநாளும் எரிஞ்சதில்ல. அதான் ரெண்டு கோடு இழுத்துட்டு யோசிச்சிட்டு நின்னேன்.”

“என் தப்பு மேடம். மன்னிச்சிடுங்க.”

நாடா சுற்றிய பாட்டிலைக் கொடுத்தேன். சிவப்பு மூடி பாட்டிலைத் திருப்பி வாங்கிக்கொண்டேன். சிவப்பு அடங்கும்வரை எதுவும் போட வேண்டாம் என்றேன். அந்த இடத்தைப் பூ வைத்து மறைத்துக்கொள்ளலாம் என்றாள் ஹரிப்ரியா. அவளுக்குக் கோபம் இறங்கியிருந்தது. நாற்காலி போட்டாள்.

மோசஸ் தண்ணீர் கேட்டு வாசலுக்கு வந்தான். வசுமதியைப் பார்த்தவன் சொம்பை வாங்காமல் நின்றான்.

“அம்மா, நீங்களா? அண்ணாத்த, அன்னிக்கு ரெபேக்காக்காவ என் வண்டில இட்டுகினு வந்தது இவங்கதான்.”

கடையிலிருந்து ரெபேக்காளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது மோசஸின் ஆட்டோ. கூட ஒரு கஸ்டமர் வந்ததாக அப்போதே சொல்லியிருந்தான். அன்று ஓவர்டைம் என்று காலையிலேயே வேலைக்குப் போயிருந்தேன். நான் மறைமலை நகரிலிருந்து போய்ச் சேர்ந்தபோது அவர் போய்விட்டிருந்தார். யார் என்று நான் விசாரிக்கவே இல்லை.

“காலைல கடைக்கு வந்ததே அதைச் சொல்லத்தான் தம்பி” என்றார் வசுமதி. “உங்க முகத்தைப் பாத்ததும் வாய் வரல. கலர் வாங்கிட்டு வந்துட்டேன்.”

உட்கார்ந்தேன்.

“எனக்குத் தலை முழுக்கப் பூசி முடிச்சிட்டுக் கை கழுவப் போனா. தொட்டியப் புடிச்சிட்டு அப்படியே உக்காந்துட்டா. தலை வலிக்குதுன்னா. நான் ரோட்டுக்கு ஓடி இவரைக் கூப்பிட்டேன். ஆட்டோல என் மடியிலதான் படுத்திருந்தா. என் தலையிலேர்ந்து கலர் அவ புடவைல சொட்டிட்டே வந்துது. துடைக்கத் துடைக்க இன்னும் ஈஷிடுச்சு.”

அந்தப் புடவை வீட்டில் இருக்கிறது. தோள்பட்டையில் கறுப்புத் திட்டுகள். ஆஸ்பத்திரியில் ஏதோ பட்டிருக்கிறது என்று நினைத்திருந்தேன். யாரோ கூட வந்ததாகக் கேட்டிருந்தும், நாலு மாதமாக அவள் அந்த ஆட்டோவில் தனியாகக் கிடந்து போனதாகத்தான் என் மனதில் இருந்தது. மடியில் போயிருக்கிறாள்.

“ரொம்ப நன்றி மேடம்” என்றேன். அது போதாது என்று தெரிந்தது. வேறு சொல் கிடைக்கவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் பிடித்துக்கொள்ள விட்டார்.

“நீங்க வந்து நின்னு அலசுங்கன்னு சொன்னீங்களே. எனக்கு அப்பவே உடம்பு ஆடிப்போச்சு” என்றார். “அவ கடைசியாப் பேசினது என்னன்னு உங்களுக்கு யாராவது சொன்னாங்களா?”

சபையில் அவள் ஜெபம் செய்தபடி கண் மூடினாள் என்று சொன்னார்கள். என் மாமியார், என்னைத் தேடினாள் என்றார். சொன்னவர்கள் யாரும் அங்கே இல்லை. நான் இரண்டையும் கேட்டுக்கொண்டு தலையாட்டியிருந்தேன்.

“தெரியாது மேடம்.”

“பெருசா ஒண்ணும் சொல்லல தம்பி. ஆஸ்பத்திரி வாசல்ல ஸ்ட்ரெச்சர்ல ஏத்தும்போது கண்ணைத் திறந்தா. என் தலையப் பாத்தா. மணி என்ன மேடம்னு கேட்டா. பன்னெண்டு பத்துன்னேன். அதுக்கு அவ சொன்னா.”

வசுமதி என் மனைவியின் பேச்சை அவள் பேசுவது போலவே சொன்னார்.

“நேரம் தாண்டிட்ச்சு மேடம். அந்தக் குழாயாண்ட போயி தலைய அலசிக்கினு வாங்க. காதுக்குப் பின்னாடி நல்லாத் தேய்ங்க, அங்கதான் கறை நின்னுக்கும்.”