பொங்கல் பானையும் மூன்றாம் வரியும்

கணினித் தர்க்கத்தில் ஆராய்ச்சி செய்கிறேன் என்றால் எல்லோரும் நம்புகிறார்கள். அதன் முதல் பாடத்திலேயே தோற்றவள் என்றால்தான் நம்புவதில்லை.

1993-இல் சீவலப்பேரியிலிருந்து டவுன் பஸ்ஸில் போய்ப் பாளையங்கோட்டையில் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் படித்துக்கொண்டிருந்தேன். எலியேசர் சார் கரும்பலகையில் உண்மை அட்டவணை போட்டார். ‘இது நடந்தால் அது நடக்கும்’ என்ற வாக்கியம் எப்போது உண்மை, எப்போது பொய் என்று காட்ட நான்கு வரிகள். மூன்றாம் வரியில் ‘இது’ நடக்கவில்லை, ‘அது’ மட்டும் நடந்தது. ஆனாலும் வாக்கியம் உண்மையாம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பரீட்சையிலும் அந்த இடத்தில் ‘பொய்’ என்றே எழுதி, ஏன் பொய் என்று இரண்டு பக்கம் வாதாடியும் வைத்தேன். அந்த வரியை நம்பியிருந்த மற்ற விடைகளும் வரிசையாகச் சரிந்தன.

மறுதேர்விலும் தவறினால் எம்.எஸ்சி. ஆசை அவ்வளவுதான். அப்பா மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கிவிடுவார்.

அம்மா பேச்சித்தாய், ஊர்க் காவல்தெய்வம் மாடசாமிக்கு நேர்ந்திருந்தாள்: “எம்பிள்ளை தேறுனா பொங்க வைக்கேன்.” நான்தான் தேறவில்லையே. ஆனாலும் முடிவு வந்த வாரத்து வெள்ளிக்கிழமை அவள் பானையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள்.

“எதுக்கும்மா?”

“மூணு நாளா நீ ஒழுங்காச் சாப்பிடல. கோயில் சோறுன்னா தின்னுருவ. வா.”

கோயிலில் பக்கத்து அடுப்பு மூட்டிய இசக்கியம்மாள் அத்தைக்குச் சும்மா இருக்க முடியவில்லை. “ஏட்டி பேச்சி, பிள்ளைதான் தேறலியே! நேந்தது பொய்யாப் போச்சுல்லா?”

எனக்கு வந்ததே கோபம். “தேறுனா வைப்பேன்னுதான் எங்கம்மா சொன்னா. தேறலன்னா வைக்க மாட்டேன்னு எங்கன சொன்னா? அவ வாக்கு எப்படிப் பொய்யாவும்?”

சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. மூன்றாம் வரி! நான் தேறவில்லை, பொங்கல் மட்டும் நடந்தது. எதை மறுத்து இரண்டு பக்கம் எழுதினேனோ, அதையே அம்மாவுக்காக நானே வாதாடிவிட்டேன். நான் தேறி, அவள் வைக்காமல் போனால்தான் அந்த வாக்கு பொய்யாகும். அன்று வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

மறுதேர்வில் தேறினேன். எம்.எஸ்சி.யும் முடித்தேன். இப்போது, ஒரு கணினி நிரலுக்கு எந்த எண்ணைக் கொடுத்தாலும் அது தவறாது என்று, அதை ஓட்டிப் பார்க்காமலே நிரூபிக்கிறேன். எவ்வளவு உயரம் ஏறினாலும் அடியில் அந்த வரிதான் தாங்கி நிற்கிறது.

அன்று மறுதேர்வில் தேறிய செய்தி வந்த நாளில் பானையை நான் தூக்கினேன். “அதான் அன்னைக்கே வச்சாச்சே” என்றாள் அம்மா.

“அன்னைக்கி வைக்கணும்னு கட்டாயமே இல்லம்மா. ஆனாலும் வச்ச. இன்னைக்கித்தான் வச்சே ஆகணும்.”

பானை பொங்கியது. அம்மா குலவையிட்டாள். நான் அவளைப் பார்த்துக் கை கூப்பினேன்.

“ஏட்டி, சாமி அங்கன இருக்கு” என்றாள்.

நான் திரும்பவில்லை.