நாலு டிகிரி அறை

கரமனை அக்ரஹாரத்தில் வெங்கடகிருஷ்ணன் வீட்டு இரண்டாம் அறை எட்டு வருஷமாக நாலு டிகிரியில் இருக்கிறது. கூடத்தில் முப்பத்திரண்டு. மகள் விஷ்ணுப்ரியா நெய்யாற்றின்கரைக் கிறிஸ்தவன் ஷிபினை ரிஜிஸ்டர் ஆபீஸில் கல்யாணம் செய்துகொண்ட அன்று, வெங்கடகிருஷ்ணன் ஆற்றில் இறங்கி அவளைத் தலைமுழுகிவிட்டு ஈர வேட்டியோடு வீடு வந்தார். மாலைக்குள் அவளுடைய அறையில் தேங்காய் எண்ணெய் உறைந்துவிட்டது. தலைமுழுகாமல் இருந்திருந்தால் தெரு பேசியிருக்கும்.

முதலில் எல்லாரும் செய்வதைத்தான் செய்தார்கள். தம்பானூரிலிருந்து வந்த ஏ.சி. மெக்கானிக், இல்லாத ஏ.சி.யை அணைக்க முடியாது என்று சொல்லிவிட்டுப் போனார். கூரை ஓட்டைப் பிரித்ததில் வெயில் உள்ளே விழுந்து வெள்ளையாகக் கிடந்தது, சுடவில்லை. பொன்முடி எஸ்டேட் பங்களாவிலிருந்து கொண்டுவந்த ஹீட்டர் ஒரு மணி நேரம் சிவந்து எரிந்தது. பிறகு அதன் மேலேயே பனி படிந்தது. ஆறாம் மாதம், துணி எடுக்க அந்த அறைக்குள் போன மனைவி சூடாமணி பழக்கத்தில் மகளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டாள். சுவர் வியர்த்தது. கால் மணி நேரம் அந்த அறை மற்ற அறைகளைப் போலவே இருந்தது. வைத்தியம் தெரிந்துவிட்டது. பேருக்கே இப்படி என்றால், ஆள் வந்து கால் வைத்தால் ஒரேயடியாகச் சரியாகிவிடும், ஒரு நாள் வரச்சொல்லலாமே என்று சூடாமணி கேட்டாள்.

"குளிரட்டும்" என்றார் வெங்கடகிருஷ்ணன். "குளிர்ல யாருக்கும் மானம் போனதில்லை."

அன்றிலிருந்து அந்தப் பேர் வீட்டில் சொல்லப்படவில்லை. வருஷம் தவறாமல் மகளின் பிறந்த நட்சத்திரத்தன்று சூடாமணி அதையே கேட்டாள். அதே பதில் கிடைத்தது. இதற்கிடையில் ஓர் ஆடி மழையில் எதிர்வீட்டு சரோஜம் காலமானாள். மகன் டொராண்டோவிலிருந்து வர மூன்று நாள் ஆகும். ஃப்ரீஸர் பெட்டி எங்கேயும் கிடைக்கவில்லை. அந்த அறையில் கிடத்தினார்கள். மகன் வந்து பார்த்தபோது தலையில் வைத்த பூ கூட வாடவில்லை. தெருவில் பாதிப் பிள்ளைகள் வெளிநாட்டில். ஏழு வருஷத்தில் பதினோரு பிரேதங்கள் அங்கே காத்திருந்து, பெற்ற பிள்ளை கையால் கொள்ளி வாங்கின. கல்யாணப் பத்திரிகைகள் முதலில் வெங்கடகிருஷ்ணன் வீட்டுக்கு வரத் தொடங்கின. மகளால் இறங்கிய தலை அறையால் நிமிர்ந்தது. ஒவ்வொரு பிரேதம் போன பிறகும் சூடாமணி தரையைக் கழுவினாள்.

போன சித்திரையில் அவளும் போனாள், மஞ்சள் குங்குமத்தோடு. மகன் ஜெயந்த் டல்லஸிலிருந்து வர இரண்டு நாள். அவளையும் அங்கேதான் கிடத்தினார்கள். மறுநாள் காலை விஷ்ணுப்ரியா ஆட்டோவில் வந்தாள். ஷிபின் தெருமுனையிலேயே நின்றுகொண்டான். வெங்கடகிருஷ்ணன் வாசலுக்கு வந்து, எட்டு வருஷத்தில் முதல் தடவையாக அவளிடம் பேசினார். கோபமே இல்லை.

"நீ உள்ள வந்தா ரூம் சூடாயிடும். ஜெயந்த் நாளைக்கு ராத்திரிதான் எறங்கறான். அம்மா ஒடம்பு தாங்காது."

"ஒருக்கா கண்டா போறும்பா. ஜன்னல் வழியா."

"நீ கண்டா அழுவே. அழுதா கூப்பிடுவே. பேருக்கே சூடான ரூம், ஒன் கொரலுக்கு ஆகாதா."

நியாயம்தான் என்றார்கள் தெருவார். அவரவர் வீட்டிலும் வயதானவர்கள் இருந்தார்கள். விஷ்ணுப்ரியா தெருவில் வெயிலில் சாயந்திரம் வரை நின்றாள். ஒரு தடவை அம்மா என்று கத்தியிருந்தால் போதும், எல்லாம் குலைந்திருக்கும். அது அவளுக்கும் தெரிந்திருந்தது. துப்பட்டாவைப் பந்தாகச் சுருட்டி வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். சத்தம் உள்ளே போகவில்லை. விளக்கு வைக்கும் நேரத்தில் ஷிபின் வந்து தோளைப் பிடித்து அழைத்துப் போனான்.

ஜெயந்த் வந்தான். அம்மா தூங்குகிற மாதிரி இருக்கிறாள் என்றான். காரியங்கள் ஒரு குறையுமில்லாமல் நடந்தன. பதின்மூன்றாம் நாள் முடிந்ததும் ஆறாம் நம்பர் வீட்டிலிருந்து அறையைக் கேட்டு வந்தார்கள், கொடுக்கப்பட்டது. வெங்கடகிருஷ்ணனுக்கு எழுபத்தெட்டு நடக்கிறது. டல்லஸிலிருந்து வர இப்போதும் இரண்டு நாள்தான். தரையை அவரே கழுவுகிறார்.