பத்மினியின் கரும்புகை

குற்றம் கண்டுபிடிப்பதுதான் எனக்குப் பிழைப்பு. ஓசூர் மூக்கண்டப்பள்ளியில் பல்சக்கரம் செய்கிற கம்பெனி ஒன்றில் இருபத்திரண்டு வருஷமாக குவாலிட்டி இன்ஸ்பெக்டர். மயிரிழையில் பாதி கூடினாலும் அந்தப் பீஸ் சிவப்புப் பெட்டிக்குத்தான் போகும். பொற்கொடி மேடம் வருகிறாள் என்றால் ஆபரேட்டர்கள் முகம் சுருங்கும். சுருங்கட்டும், எனக்கென்ன? என் வீட்டுக்காரர் பாஸ்கரன்தான் அடிக்கடி, "குற்றம் பார்க்கில் சுற்றம் இல்லடி" என்று பழமொழி சொல்வார். அவர் ஊத்தங்கரைக்காரர், போச்சம்பள்ளி பேக்டரிக்குக் கம்பெனி பஸ்ஸில் போய் வருகிற சாது. அவருக்கு எல்லாமே ஓகே.

எங்களிடம் எண்பத்து நாலாம் வருஷத்து வெள்ளைப் பத்மினி கார் ஒன்று இருக்கிறது. வாங்கி ஐந்து வருஷம். அதைத் தொட்டுப் பழகிய ஒரே மெக்கானிக் முனிராஜ். பின்தெருவில் தகர ஷெட். நாற்பது வயது இருக்கும். வீட்டில் தெலுங்கு, வாடிக்கையாளரிடம் தமிழ், போல்ட் இறுகிக்கொண்டால் கன்னடம். ஆயுத பூஜைக்கு முந்தின நாள் அவர் கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவி, புது கேஸ்கெட் போட்டு மாட்டிக் கொடுத்தார். வண்டி பூனை மாதிரி வந்து வீட்டு வாசலில் நின்றது.

பூஜை முடிந்த மறுநாளே ஆரம்பித்தது வினை. பின்னால் கருகருவென்று புகை. ஓடும்போது ஓரளவு ஓடும். சிக்னலில் காலை எடுத்தால் இரண்டு முறை குலுங்கி அணைந்துவிடும். ஜூஜூவாடி சிக்னலில் நடு ரோட்டில் நின்றேன் பாருங்கள், பின்னால் லாரிகளின் ஹாரன், ஒரு டிரைவர் இறங்கி வந்து கன்னடத்தில் என் பரம்பரையையே விசாரித்தான். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

நேரே முனிராஜ் ஷெட்டுக்குப் போனேன். அவர் ஏர் ஃபில்டருக்குக் கீழே கையை விட்டு ஸ்க்ரூவை இப்படியும் அப்படியும் திருகிப் பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை.

"கழட்டிப் பாக்கணும்க்கா. உள்ளாற என்னமோ அடைச்சிருக்கு."

"நீ கழட்டுனதுல வந்த வினைதான் இது! இன்னொரு தரம் கழட்டி எஞ்சினையே கையில குடுக்கப் போறியா?"

நாலு வாடிக்கையாளர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்கள் முன்னால்தான் கத்தினேன். அதோடு விட்டேனா? ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்துப் பழைய கார்க்காரர்கள் எண்பது பேர் இருக்கிற வாட்ஸப் குரூப்பில், கரி பிடித்த ஸ்பார்க் ப்ளக்கைப் படம் எடுத்துப் போட்டு, "முனிராஜிடம் கார்புரேட்டர் வேலை கொடுக்காதீர்கள். அனுபவத்தில் சொல்கிறேன்" என்று எழுதினேன். கட்டைவிரல் மேல் கட்டைவிரலாக விழுந்தது. எனக்கு வயிறு குளிர்ந்தது.

மூன்று வாரம் வண்டி சும்மா நின்றது. நாலாவது ஞாயிறு காலை, நானே பார்த்துவிடுவது என்று பானெட்டைத் தூக்கினேன். அளக்கத் தெரிந்தவளுக்கு இது என்ன பெரிய வித்தை? கார்புரேட்டரைக் கழற்றி, பழைய பேப்பர் விரித்து, சாமான்களை வரிசையாக வைத்தேன்.

உண்மையைச் சொல்கிறேன், நான் தேடியது அடைப்பை அல்ல. முனிராஜின் தப்பைத்தான் தேடினேன். பெட்ரோலை அளந்து விடுகிற பித்தளை ஜெட்டுகளை ஒவ்வொன்றாக, பின் கேஜ் என்கிற அளவுக் கம்பியை விட்டுப் பார்த்தேன். போட்டிருந்த எண்ணுக்குச் சரியாக இருந்தது. உள்ளே பெட்ரோல் மட்டத்தைக் காக்கிற மிதவையின் உயரத்தை அளந்தேன். புத்தகத்தில் போட்டிருக்கிற அளவு, இம்மி பிசகில்லை. கேஸ்கெட் ஒட்டிய விதத்தைப் பார்த்தால் எங்கள் கம்பெனியில் அப்படி ஒட்ட ஆள் கிடையாது. எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஒரு தப்பாவது கிடைக்கக் கூடாதா?

கடைசியாக மேல் மூடி. அதன் வாயோரத்தில், ஏர் ஃபில்டர் உட்காருகிற இடத்துக்கு உள்ளே, ஒரு சின்னத் துளை. எஞ்சின் மெதுவாக ஓடும்போது பெட்ரோலோடு காற்றைக் கலந்து விடுகிற துளை. அது அடைபட்டால் பெட்ரோல் மட்டும் அதிகமாகப் போய்க் கரும்புகை வரும். ஊதிப் பார்த்தேன். காற்று போகவில்லை. ஒயரிலிருந்து ஒற்றைச் செம்புக் கம்பியை உருவி உள்ளே விட்டுக் குத்தினேன். மஞ்சளாகப் பொடி உதிர்ந்தது.

விரலில் எடுத்துத் தேய்த்து முகர்ந்தேன். பெட்ரோல் நாற்றத்தையும் மீறி அடித்தது வாசம்.

சந்தனம்.

அடக் கடவுளே! எல்லாம் ஞாபகம் வந்தது. ஆயுத பூஜை என்றால் எங்கள் இன்ஸ்பெக்ஷன் ரூமில் வெர்னியரிலிருந்து ஸ்க்ரூ கேஜ் வரைக்கும் ஒன்று விடாமல் பொட்டு வைப்பவள் நான். ஒன்று விட்டுப்போனாலும் எனக்கு மனசு ஆறாது. அன்று வீட்டிலும் அப்படித்தான். ரேடியேட்டருக்கு, பேட்டரிக்கு, எல்லாவற்றுக்கும் வைத்துவிட்டு, கார்புரேட்டருக்கு வைக்க வேண்டுமே என்று ஏர் ஃபில்டரையே கழற்றினேன். வாயோரத்தில் பித்தளை வளையத்தோடு குட்டியாக ஒரு குழி தெரிந்தது, பொட்டு வைக்கவே செய்த மாதிரி. கெட்டிச் சந்தனத்தை எடுத்து விரலால் அழுத்தி வைத்து, அதன்மேல் குங்குமமும் வைத்து, ஃபில்டரை மூடிவிட்டேன். எஞ்சின் இழுத்த காற்றில் குங்குமம் போய்விட்டது, அழுத்திய சந்தனம் தங்கிவிட்டது. அந்த விரல் என் விரல்.

காபி கொண்டுவந்த பாஸ்கரன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னாச்சு?" என்றார். விரலை அவர் மூக்குக்கு நேரே நீட்டினேன். முகர்ந்தார். சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"பிள்ளையார் புடிக்கக் கொரங்கா ஆயிடுச்சே! சரி விடு. தொடச்சி மாட்டு. யாருகிட்டயும் சொல்லாத, வண்டி சரியாயிடும்ல?"

துளையைச் சுத்தம் செய்து எல்லாவற்றையும் மாட்டினேன். எஞ்சின் சூடேறும்வரை பத்து நிமிஷம் ஓடவிட்டு, கலவை ஸ்க்ரூவை மெல்ல உள்ளே திருகினேன். எஞ்சின் தடுமாறியது. கால் சுற்று வெளியே. இன்னொரு கால் சுற்று. ஓட்டம் ஏறி ஒரு இடத்தில் நின்றது. அங்கேயே விட்டுவிட்டு வேகத்தை மட்டும் குறைத்தேன். வெள்ளைக் கைக்குட்டையைப் புகைக்குழாயில் பிடித்தால் கரி இல்லை. வேறு நாளாக இருந்தால் குதித்திருப்பேன்.

சொல்லாமல் இருந்துவிட ஆசையாகத்தான் இருந்தது. யாருக்குத் தெரியப் போகிறது? போனை எடுத்து குரூப்பில் என் பழைய மெசேஜைத் தேடினேன். அதற்குக் கீழே போச்சம்பள்ளி நாராயணப்பன் எழுதியிருந்தார்: "நல்லவேளை சொன்னீங்க மேடம். நாளைக்கு என் அம்பாசடரை அவர்கிட்ட விடுறதா இருந்தேன்." வெட்கமாக இருந்தது. ஒரு மனுஷன் சோற்றில் நான் மண்ணை அள்ளிப் போட்டிருக்கிறேன். சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

ஷெட்டில் ஒரே ஒரு மொபெட் நின்றது. கார் நிற்கிற இடம் காலி. முனிராஜ் மொபெட்டுக்கு பிரேக் கம்பி மாட்டிக்கொண்டிருந்தார். பத்மினியின் சத்தம் கேட்டதும் நிமிர்ந்தார். என்னைப் பார்த்ததும் குனிந்துகொண்டார்.

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பூஜை, சந்தனம், என் விரல் எல்லாம். "தப்பு என்னோடது முனிராஜ். உன்னை நாலு பேரு முன்னால பேசுனேன். நாலு பேரு முன்னாலயே மன்னிப்புக் கேக்கணும், ஆனா இங்க இப்ப யாருமில்ல" என்றேன். அங்கேயே குரூப்பில் எழுதினேன்: "முனிராஜ் வேலையில் தப்பில்லை. கார்புரேட்டரை அடைத்தது நான் வைத்த பொட்டு. அவதூறு சொன்னதும் நான்தான். பொற்கொடி." அனுப்பிவிட்டுக் காட்டினேன்.

அவர் அதைப் படிக்கவே இல்லை.

"ஜெட்டெல்லாம் அளந்தீங்களாக்கா?"

"அளந்தேன். சரியா இருந்துச்சு."

"மெதவை?"

"அதுவும் சரிதான்."

"கேஜ் வச்சா பாத்தீங்க? நல்லாப் பாத்தீங்களா?"

"கேஜ் வச்சுத்தான். ஒரு குத்தமும் இல்ல."

முனிராஜ் பழைய டயர் மேல் உட்கார்ந்தார்.

"மூணு வாரமா நான் என் கையைத்தான்க்கா சந்தேகப்பட்டேன். ஜெட்டு மாத்திப் போட்டுட்டனா, மெதவைய வளைச்சிட்டனான்னு. நாராயணப்பன் சார் உங்க மெசேஜு பாத்துத் தயங்குனவரு, அப்புறம் மனசு மாறி வண்டிய எடுத்தாந்தாரு. 'எனக்கு உன்மேல நம்பிக்கை இருக்கு'ன்னாரு. கழட்டப் போனேன், எடுத்த ஸ்பேனர அப்படியே கீழ வச்சுட்டேன். பெங்களூருக்கு எடுத்துட்டுப் போங்க சார்னு நானே அனுப்பிட்டேன்."

திட்டுவார், இரண்டு வார்த்தை கேட்பார், வாங்கிக்கொண்டு போகலாம் என்று வந்தவள் நான். அவரோ கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சிரித்தார்.

"அப்ப நான் சரியாத்தான் போட்டிருக்கேன்" என்றார். "சரியாத்தான் போட்டிருக்கேன்க்கா."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் அதைக் கவனிக்கவில்லை. கையைத் துணியில் துடைத்துவிட்டுப் போனை எடுத்தார்.

"சார், முனிராஜ் பேசறேன். வண்டி பெங்களூரு போயிடுச்சா? போலயா? அப்ப நாளைக்கு எடுத்தாங்க சார். கார்புரேட்டர நானே கழட்டறேன்."