கடைசிச் சக்கரம் வரை

"இன்னும் கொஞ்சம் இடப்பக்கம் போ, பாப்பா. ஒரே இடத்துல எத்தனை தடவை தட்டுவே? அது என்ன கதவா?"

கைபேசிக்குள்ளிருந்து அப்பாவின் குரல் மெலிந்து வந்தது. அவள் நீளக் காம்பு வைத்த சின்னச் சுத்தியலை ஒரு சாண் நகர்த்திப் படகின் உடம்பில் தட்டினாள். தம்பி கைபேசியை அந்த இடத்தில் ஒட்டிப் பிடித்தான்.

"ம். அடுத்தது."

பனிமூட்டம் இன்னும் விலகவில்லை. கட்டைகளின் மேல் ஏற்றி வைத்திருந்த வெள்ளைப் படகுக்குக் கீழே தரை இருப்பதே தெரியவில்லை. அது இப்போதே எங்கோ மிதந்து போய்க்கொண்டிருப்பது போலிருந்தது.

அப்பா முப்பத்தொரு வருடம் ரயில் சக்கரம் தட்டியவர். வண்டி வந்து நின்றதும் இந்தச் சுத்தியலோடு இறங்கி, சத்தத்தை வைத்தே விரிசலைச் சொல்லிவிடுவார். பழுது இருந்தால் சாக்பீஸால் ஒரு வட்டம். கடைசிச் சக்கரம் வரை பார்த்து முடித்தால் அதன் மேல் ஒரு சின்ன 'சரி' குறி. பாதி பார்த்த வண்டியை அவர் அனுப்பியதே இல்லை. விடுமுறைகளில் கடல் பாலத்து ஓரமாகத் தூண்டிலோடு உட்கார்ந்து, பெரிய மீன் தேடி ஆழத்துக்குப் போகும் படகுகளைப் பார்த்துக்கொண்டிருப்பார். "அடுத்த வருஷம் பழசா ஒண்ணு வாங்கிடுவோம்" என்பார். இந்த வாரத்தைத் தாண்டுவது கஷ்டம் என்று டாக்டர் சொன்ன பிறகு அவர் அடுத்த வருடத்தை விட்டுவிட்டார். "இந்த வாரம் வாங்கிடுவோம்" என்றார்.

காலையில் அவள் அப்பாவின் கட்டிலருகே இருந்து எழ மறுத்தாள்.

"இங்க உக்காந்து என் மூச்சை எண்ணி என்ன பண்ணப் போறே? போய்த் தட்டு. நான் இங்கேருந்தே கேக்கறேன். இல்லேன்னா உங்க ரெண்டு பேர் தலையில எவனாவது ஓட்டைப் படகைக் கட்டிடுவான்."

இரண்டு மணி நேரம் வண்டி ஓட்டி வந்திருந்தார்கள். முதல் படகை அப்பா நாலே தட்டில் "காலி டப்பா" என்று தள்ளிவிட்டார். இரண்டாவதுக்கு அதுவும் சொல்லவில்லை. சிரித்தார், அவ்வளவுதான். இது மூன்றாவது. உரிமையாளர் ஒரு பல் டாக்டர். முதுகுவலியால் தூண்டில் கம்பைத் தூக்க முடியாமல் விற்கிறார்.

"நானும் பல்லைத் தட்டித்தாம்மா பாப்பேன்" என்றார் அவர். "ஆனா பல்லுக்காரன் உடனே கத்திடுவான். படகு கத்தாது."

"கத்தும் சார்" என்றது கைபேசி. "நமக்குக் காது வேணும்."

எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த தட்டில் சத்தம் மந்தமாக விழுந்தது.

"அங்கதான். ஈரம் குடிச்சிருக்கு."

பல் டாக்டர் தலையைக் குனிந்துகொண்டார். "தெரியும்மா. போன மழையில இறங்கினது. சொல்லணும்னுதான் இருந்தேன். வாய் வரல."

தம்பியின் முகம் கடுத்தது. அதற்குள் அப்பா பேசினார். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவே மூச்சு கேட்டது.

"இப்ப சொல்லிட்டீங்கல்ல சார், போதும். பாப்பா, ஒரு வட்டம் போடு. ஒரு வட்டத்துக்காக நான் வண்டியை ஒதுக்கினதில்ல. சரி பண்ணித்தான் அனுப்புவேன். மத்ததெல்லாம் நல்லா வச்சிருக்கார். வலப்பக்கமும் பாத்துட்டு முடிச்சுடுவோம்."

அவள் வட்டம் போட்டுவிட்டு வலப்பக்கம் போனாள். கடவுளே, கடைசி வரைக்கும் அவரைக் கேட்க விடு என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே பின்பக்கமிருந்து தட்டிக்கொண்டு வந்தாள். ஒரு தட்டு, ஒரு 'ம்'. சின்ன வயதில் ரயில் நிலையத்து பெஞ்சில் படுத்தபடி இதே சத்தத்தைக் கேட்டுத் தூங்கியது நினைவு வந்தது. சத்தம் தூரமாகப் போகும், பிறகு அடுத்த பக்கமாகத் திரும்பி வரும். அப்பா வருகிறார் என்று அர்த்தம்.

'ம்'களுக்கு நடுவே இடைவெளி நீண்டது. பிறகு ஒரு தட்டுக்கு எதுவும் வரவில்லை. அவள் மறுபடி தட்டினாள்.

"கண்ணு." அம்மாவின் குரல்.

"அப்பா கேக்கறாராம்மா?"

அந்தப் பக்கம் கட்டிலுக்கு மேலே சுற்றும் மின்விசிறியின் சத்தம் மட்டும் கேட்டது.

"கையைப் புடிச்சுக்கிட்டுதான் இருக்கேன். இனிமே அவர் 'ம்' சொல்ல மாட்டார் கண்ணு."

எங்கோ பனிக்குள் ஒரு எஞ்சின் கிளம்பி, மெல்லத் தேய்ந்து போயிற்று.

"இன்னும் எவ்வளவு இருக்கு?" என்று அம்மா கேட்டாள்.

"ஆறடி."

"முடிச்சுடு. போனை அவர் காதுலயேதான் வச்சிருக்கேன்."

தம்பி ஒரு கட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டான். பல் டாக்டர் அவன் கையிலிருந்த கைபேசியை வாங்கிப் படகோடு ஒட்டிப் பிடித்தார். அவள் தட்டினாள். ஒவ்வொரு சாணுக்கும், அவர் கேட்டு முடிக்கிற அளவு நேரம் விட்டு. எல்லாம் கணீரென்று இருந்தன.

படகின் மூக்குக்கு வந்ததும் சாக்பீஸை எடுத்தாள். பனி ஈரத்தில் 'சரி' குறி பிடிக்கவில்லை, வழுக்கியது. பல் டாக்டர் தன் சட்டைக்கையை இழுத்து அந்த இடத்தை அழுத்தித் துடைத்துவிட்டு, சற்று நகர்ந்து நின்றார்.