பாலத்துக்கு அப்புறம்

கடற்கரைச் சாலையை மூன்றாவது முறையாகச் சுற்றி வந்தபோதுதான் அந்த இடைவெளி அவள் கண்ணில் பட்டது. இரண்டு வேன்களுக்கு நடுவே, மூச்சைப் பிடித்துக்கொண்டால் ஒரு கார் நுழையலாம்.

“அது பத்தாது. வேற பாரு,” என்றான் பின்சீட்டிலிருந்து கணவன்.

“சும்மா இருங்க.”

விடுமுறையாம் விடுமுறை! உலகத்தில் உள்ள அத்தனை வண்டியும் இந்த ஒரே சாலைக்குத்தான் வந்திருந்தது. பின்னால் ஹாரன் காதைப் பிளந்தது. சின்னவள் அரை மணி நேரமாகப் பாத்ரூம் பாத்ரூம் என்று அரித்துக்கொண்டிருந்தாள். அம்மா மடியில் பிளாஸ்க்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, “எங்கயாவது ஒரு இடத்துல நிறுத்தித் தொலைங்களேன்,” என்றாள்.

முன்சீட்டில் அவளுக்கு இடப்பக்கம் அப்பா. பேத்தி வாங்கிக் கொடுத்த கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பியிருந்தார். அவர் லேசுப்பட்ட பயணி அல்ல. முப்பத்திரண்டு வருடம் டிரைவிங் ஸ்கூல் நடத்தியவர், ஊருக்கே மாஸ்டர். ஸ்கூல் வண்டியில் மாஸ்டர் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும். ஸ்கூலை மூடி ஆறு வருடமாகியும் அவர் கால் மட்டும் ஓய்வு பெறவில்லை. யார் வண்டியில் ஏறினாலும், முன்னால் எதுவாவது நின்றால் வலது கால் தானாகத் தரையை மிதிக்கும். மகள் ஓட்டினால் கேட்கவே வேண்டாம். அந்தப் பக்கத்து ரப்பர் கால்மிதியை இரண்டு தடவை மாற்றியாகிவிட்டது. மூன்றாவதும் தேய்ந்து, பாதம் படும் இடத்தில் பள்ளம் விழுந்திருந்தது.

காலையில் கிளம்பியதிலிருந்தே டொக், டொக் என்று அந்தக் கால் அவள் உயிரை எடுத்தது. மூன்று மணி நேரம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவள் கடைசியில் வெடித்துவிட்டாள்.

“அப்பா, ஒண்ணு நீங்க ஓட்டுங்க. இல்ல, என்னை நம்பி உக்காருங்க. பதினெட்டு வருஷமா ஓட்டுறேன். ஒரு கீறல் உண்டா?”

“நான் ஒண்ணும் சொல்லலையே.”

“உங்க கால் சொல்லுதே!”

“அதுக்கு வேற வேலை தெரியாதும்மா,” என்றார். அதோடு சரி.

ஆற்றுப் பாலத்தின் நடுவில் முன்னால் போன லாரி திடுக்கென்று நின்றது. அவள் மிதித்தாள், வண்டி ஒரு முழத் தூரத்தில் நின்றது. இடப்பக்கம் டொக் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. பாலத்துக்கு அப்புறம் ஒரு பஸ் குறுக்கே பாய்ந்தது. அப்போதும் இல்லை. ஓரக்கண்ணால் பார்த்தாள். கால் அசையாமல் இருந்தது. தூக்கமாக இருக்காது. மாஸ்டராவது, வண்டியில் தூங்குவதாவது! அப்படியானால் நம்பிவிட்டார். நாற்பத்தொரு வயதில் பாஸாகிவிட்டோம் என்று நினைத்தபோது அவளுக்குச் சின்னப் பெண் மாதிரி சந்தோஷமாக இருந்தது. அதற்குப் பிறகு வந்த அத்தனை நெரிசலிலும் அவள் கொஞ்சம் வித்தை காட்டியே ஓட்டினாள்.

இப்போதும் அப்படித்தான். ரிவர்ஸ் போட்டு, ஒரே வெட்டில், இரண்டு வேன்களையும் உரசாமல் வண்டியைச் செருகினாள். ஹேண்ட்பிரேக்கை இழுத்தாள்.

“எப்படி, மாஸ்டர்?”

தோளைத் தொட்டாள். தலை மெல்லச் சரிந்தது. கண்ணாடி நழுவி மடியில் விழுந்தது. சீட் பெல்ட்தான் அவரை நிமிர்த்தி உட்கார வைத்திருந்தது.

ஆஸ்பத்திரிக்கு அவளேதான் ஓட்டினாள். இரண்டு சிக்னலை மீறினாள். ஒருவழிப் பாதையில் எதிர்ப்பக்கமாக நுழைந்தாள். பக்கத்துக் கால் எதற்கும் அசையவில்லை.

“வர்ற வழியிலேயே போயிருக்காரும்மா. ஹார்ட் அட்டாக்,” என்றார் டாக்டர்.

“எப்போ?”

“ஒரு மணி நேரம் இருக்கலாம். கூடக் கொறைய.”

“பாலத்துக்கு முன்னாடியா, அப்புறமா?”

“எந்தப் பாலம்?” டாக்டர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். “முன்னாடியே தெரிஞ்சிருந்தாலும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது. உங்க மேல தப்பில்ல.”

அவள் கேட்டது அதுவல்ல. அதைக் கேட்டிருந்தால் நல்ல மகள். அப்பா அங்கே துணி போர்த்திக் கிடக்கிறார், இங்கே இவளுக்கு பாஸா பெயிலா என்று தெரிய வேண்டும்! சீ என்று இருந்தது. ஆனாலும் உட்கார முடியவில்லை. வராந்தாவில் நடந்தாள், திரும்பினாள், மறுபடி நடந்தாள். கணவனிடம் கேட்டாள். பாலத்தில் அவன் தூங்கிப்போயிருந்தானாம். சின்னவள் முன்னால் குந்தினாள்.

“தாத்தா கடைசியா உங்கிட்ட என்ன பேசினாரு?”

“பேசல. பிஸ்கட் குடுத்தேன். வேணாம்னு தலையாட்டினாரு.”

“எப்போ?”

“தண்ணி தெரிஞ்சுச்சே, அப்போ.”

“எந்தத் தண்ணி? ஆறா, கடலா?”

குழந்தை உதட்டைப் பிதுக்கியது. “தெரியலம்மா.”

“சொல்லுடி! ஆறா, கடலா?”

குழந்தை அழ ஆரம்பித்துவிட்டது. பெஞ்சில் இருந்த அம்மா பேத்தியை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள்.

“பாலத்துல உசுரோட இருந்துதான் மிதிக்காம விட்டாரான்னுதானே இப்படி அலையுற?”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

“எனக்கு எப்படிடி தெரியும்? கல்யாணம் ஆன நாள்லேர்ந்து நான் பின்சீட்டு.”

நாலு மணிக்கு ஆம்புலன்ஸ் தயாரானது. கணவன் மாமியாரைக் காருக்கு அழைத்தான். அம்மா கேட்கவில்லை. “இன்னிக்காவது பக்கத்துல உக்காந்துட்டு வரேன்,” என்று பிளாஸ்க்கோடு ஆம்புலன்ஸில் ஏறினாள்.

“சாவியைக் குடு. நீ ஓட்ட வேணாம்,” என்றான் கணவன். மாஸ்டரிடம் படித்து மூன்று தடவை பெயிலானவன். அவள் கொடுத்தாள். வண்டி வாங்கியதிலிருந்து இந்த இடப்பக்கத்து சீட்டில் அவள் உட்கார்ந்ததே இல்லை. பெல்ட் அப்பாவின் அளவுக்குத் தளர்ந்திருந்தது. அதை இறுக்காமல் அப்படியே மாட்டிக்கொண்டாள்.

கடலுக்குப் போகிற வண்டிகள் எதிரே இன்னும் வந்துகொண்டே இருந்தன. சின்னவள் கறுப்புக் கண்ணாடியைக் கையில் பிடித்தபடி தூங்கிவிட்டாள். பாலத்தில் ஏறும்போது முன்னால் ஆம்புலன்ஸின் சிவப்பு விளக்கு பளிச்சென்று எரிந்தது. கணவன் பிரேக்கை மிதிக்க ஒரு நொடி தாமதமானது.

டொக்.

கணவன் திரும்பிப் பார்த்தான். அவள் கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய வலது பாதம் கால்மிதியில் இருந்த பள்ளத்துக்குள் அழுந்தியிருந்தது.

பாலம் தாண்டியும் அவள் காலை எடுக்கவில்லை.